இடம் கிடைத்த அன்றே குடியிருப்பையும் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டு உயர்கல்வி குறித்துத் தங்கள் நாளிதழ் வெளியிட்டுவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது, மொழித் தேர்வுக்கு ஆயத்தமாவது, கல்விக் கடன், விசா என ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அங்கே போய் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு மட்டும் கடைசிப் பத்தியில் இரண்டு வரிகளே கிடைக்கின்றன. இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பையும் பின்னர் ஜெர்மனியில் நான்கு ஆண்டுகள் ஆய்வுப் படிப்பையும் முடித்தவள் என்ற முறையிலும், புதிதாக வந்திறங்கும் மாணவர்களுக்கு வீடு தேடுவதில் பல ஆண்டுகளாக உதவி வருபவள் என்ற முறையிலும், அந்த இரண்டு வரிகளை விரித்து எழுத வேண்டிய தேவை இருப்பதாகக் கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று ஓராண்டுக்கு மேல் யோசிக்கும் குடும்பங்கள், தங்குமிடத்தை விமானச் சீட்டு எடுத்த பிறகு, புறப்படுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, வாடகை எது குறைவு என்ற ஒரே கணக்கை வைத்து முடிவு செய்கின்றன. குடியிருப்பு என்பது சேர்க்கைக்குப் பின் வரும் ஏற்பாடு அன்று. சேர்க்கையை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவிலேயே அதற்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இது மிகைப்படுத்தல் அன்று. 2022-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் பல்கலைக்கழகங்கள் சில, தங்க இடம் உறுதியாகாத அயல்நாட்டு மாணவர்கள் புறப்பட்டு வர வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவுறுத்தின. சேர்க்கை கொடுத்த நிறுவனமே அவ்வாறு சொல்லும் நிலை வந்த பிறகும், நாம் அறையைப் பற்றிக் கடைசி வாரத்தில் யோசிப்பது சரியாகாது. பிரிட்டன் அரசும் மாணவர் விசாவுக்காகக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை, லண்டனில் படிப்போருக்கு ஒன்று, மற்ற ஊர்களில் படிப்போருக்கு வேறொன்று என இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒரே தரமுள்ள இரண்டு படிப்புகள் இரண்டு ஊர்களில் கிடைத்தால், ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே விடுதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவர்களுக்கு விடுதி அறையை உறுதியாகத் தருகின்றன. ஆனால் அந்த உறுதி, அவர்கள் குறித்த தேதிக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே. தேதி ஒரு நாள் தாண்டினாலும் வெளியில் தேட வேண்டியதுதான். ஜெர்மனியில் மாணவர் விடுதிகளைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் நடத்துவதில்லை. ஸ்டுடியரெண்டன்வெர்க் எனப்படும் மாணவர் நல அமைப்புகள் நடத்துகின்றன. ஆகவே, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் விடுதியும் கிடைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்போர் பட்டியல். மியூனிக் போன்ற நகரங்களில் அந்தப் பட்டியலில் ஒன்றிரண்டு கல்விப் பருவங்கள் காத்திருப்பது சாதாரணம். பிரான்சில் அரசு சார்ந்த மாணவர் விடுதிகளை நடத்துவது க்ரூஸ் என்னும் அமைப்பு. அமெரிக்காவிலோ, இளங்கலை முதலாண்டு மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதியே வைத்திருக்கின்றன. நாட்டுக்கு நாடு வழி வேறுபடுகிறது. யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை அறிந்துகொள்வதே பாதி வேலை.

என் சொந்த அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இங்கிலாந்தில் விடுதி விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டவள் நான். வளாகத்துக்குப் பக்கத்தில் இருந்த அறைகளைவிட வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதற்காக, ஊரின் எல்லையில் இருந்த ஒரு வீட்டில், நேரில் பார்க்காமலே, ஓராண்டுக்கு ஒப்பந்தமிட்டேன். வரைபடத்தில் பார்த்தபோது தொலைவு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நேரில் போனபோதுதான், ஒரு பேருந்தில் போய் இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்பதும், அந்த இரண்டாவது பேருந்து அரை மணிக்கு ஒன்றுதான் என்பதும், மாலை ஏழுக்குப் பிறகு மணிக்கு ஒன்றாகிவிடும் என்பதும் தெரிந்தது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது கல்வி வாரங்கள் என்று கணக்கிட்டால் முந்நூறு மணி நேரம். என் ஆய்வேட்டை எழுதி முடிக்க எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

நேரம் மட்டும் போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நூலகம் இரவெல்லாம் திறந்திருக்கும். நான் மட்டும் எட்டரை மணிப் பேருந்தைப் பிடிக்க எட்டு மணிக்கே புத்தகங்களை மூடி வைப்பேன். குழுவாகச் செய்ய வேண்டிய பயிற்சி வேலைகளை மற்றவர்கள் மாலையில் கூடிச் செய்தார்கள். பாதியில் எழுந்து போகும் ஒருத்தியைக் குழுவில் சேர்க்க நாளடைவில் தயங்கினார்கள், அதில் அவர்கள்மேல் குற்றமில்லை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கூரையில்லாத அந்தப் பேருந்து நிறுத்தத்தில், மழையில் நனைந்த கையுறையைக் கழற்றிக் கைப்பேசியில் அடுத்த பேருந்து எப்போது என்று பார்த்துப் பார்த்து விரல் நுனிகள் மரத்துப்போன மாலைகளை இன்றும் மறக்க முடியவில்லை. வாடகையில் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி மாதாந்திரப் பயணச் சீட்டுக்கே போயிற்று என்பதை ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

ஆகவே அறை தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்று அல்ல. வளாகத்திலிருந்து இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு எப்படிப் போவாய், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போவாய் என்றுதான். ஒரு வேலைநாள் காலை எட்டு மணியைக் குறிப்பிட்டு ஒருமுறை, ஞாயிறு இரவைக் குறிப்பிட்டு ஒருமுறை வரைபடச் செயலியில் பயண நேரத்தைப் பார்த்துவிட்டால், விளம்பரத்தில் இருக்கும் "நகர மையத்துக்கு மிக அருகில்" என்ற சொற்களின் உண்மை தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் இருந்தால் உங்கள் துறை எந்த வளாகத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் என்று அறை எடுத்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் வளாகத்துக்குத் தினமும் போய்வந்த மாணவர் ஒருவரை நான் அறிவேன்.

அடுத்து, வீட்டின் நிலை. நான் குடிபுகுந்த அறையின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு பெரிய துணி அலமாரி நின்றது. சுவர் புதிதாக வெள்ளையடிக்கப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. எனக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது. நவம்பரில் என் உடைகளில் ஈர மண்ணின் வாடை வரத் தொடங்கியது. அலமாரியை நகர்த்திப் பார்த்தபோது, தரையிலிருந்து என் இடுப்பளவுக்குச் சுவர் முழுவதும் கருமையான புள்ளிகளாகப் பூசணம் படர்ந்திருந்தது. புதிய வெள்ளைப் பூச்சு விரலால் தொட்டாலே உரிந்து வந்தது, அடியில் பழைய பூசணத்தின் கறை. குளிர்நாடுகளில் வெளிச்சுவர் குளிர்ந்து, அறையின் உள்ளே இருக்கும் ஈரம் அதில் படிந்து இவ்வாறு ஆவதுண்டு. காற்றோட்டம் இல்லாத அறையில், வெப்பமூட்டியின் மேல் துணி உலர்த்தினால் இன்னும் வேகமாகும். வீட்டு உரிமையாளருக்கு எழுதினேன்; ஜன்னலைத் திறந்து வைக்கும்படி பதில் வந்தது. ஆண்டு முடிவில் அந்தச் சுவருக்காக என் முன்பணத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார். முன்பணப் பாதுகாப்புத் திட்டத்தின் நடுவரிடம் முறையிட்டேன். அங்கே என் கையெழுத்துடன் ஒரு தாளை உரிமையாளர் காட்டினார். குடிபுகுந்த நாளில் அவசரமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த பொருள் பட்டியல் அது. அதில் "சுவர்கள்: தூய்மை" என்று இருந்தது. என்னிடம் மறுப்பதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது மிகச் சிறிய வேலை. அலமாரி, கட்டில், மெத்தை எல்லாவற்றையும் ஒருமுறை நகர்த்தி, பின்பக்கம் உட்பட ஒவ்வொரு சுவரையும் தேதி தெரியும்படி படமெடுத்து, அந்தப் படங்களை உரிமையாளருக்கே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் போதும்; பணம் திரும்பி வந்திருக்கும். எந்த நாட்டில் குடியேறினாலும் முதல் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கும்படி அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

முன்பணம் குறித்த சட்டங்கள் வாடகைதாரருக்கு ஆதரவாகவே பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றை அறியாமல்தான் நம் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது 2019-ஆம் ஆண்டு முதல் சட்டம். தனியார் வீடுகளில் வாங்கிய தொகையை முப்பது நாட்களுக்குள் அரசு ஏற்ற திட்டம் ஒன்றில் பதிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியில் மூன்று மாத அடிப்படை வாடகையே (வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத வாடகை) உச்சவரம்பு. அதையும் மூன்று தவணைகளில் செலுத்த வாடகைதாரருக்கு உரிமை உண்டு. மொத்தமாகக் கொடுத்தால்தான் சாவி என்று சொல்பவரிடம் அந்த உரிமையைப் பணிவாக நினைவூட்டலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சேதாரத்துக்கென்று முன்பணம் வாங்குவதே கூடாது. கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம், அவ்வளவுதான். பிரான்சில் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாமல் வீடு கிடைப்பது அரிது. ஆனால் முப்பது வயது வரையுள்ளவர்களுக்கு விசால் என்னும் திட்டம் கட்டணமின்றி ஜாமீன் நிற்கிறது. ஜாமீனுக்கு ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பாதுகாப்புகளில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. வீட்டு உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்து, சமையலறையையோ குளியலறையையோ உங்களுடன் பகிர்ந்துகொண்டால், ஒன்டாரியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. இங்கிலாந்திலும் உரிமையாளருடன் அவ்வாறு தங்குபவருக்கு முன்பணப் பதிவு போன்ற பாதுகாப்புகள் கிடையா. அத்தகைய வீடுகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அன்பான குடும்பங்களோடு தங்கி மொழியும் பழகி நிம்மதியாகப் படித்தவர்கள் பலர். ஆனால் நாளை வெளியேறு என்றால் எதிர்த்துக் கேட்க இடம் குறைவு என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பது வேறு, அறியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

கூட்டு ஒப்பந்தமும் அவ்வாறே. நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தோம். பிப்ரவரியில் ஒருவர் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவருடைய பங்கை மீதி மூவரும்தான் கட்டினோம். கூட்டாகக் கையெழுத்திட்டால் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்பதே அதன் பொருள் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் தரும் வீடு கிடைத்தால், சற்று வாடகை கூடினாலும், முன்பின் தெரியாதவர்களோடு சேரும் முதலாண்டு மாணவருக்கு அதுவே ஏற்றது என்பது என் துணிபு. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் தனியார் வீடுகளில் ஓராண்டு என்று கட்டிப்போடும் ஒப்பந்தம் மறைந்து, இரண்டு மாத முன்னறிவிப்புடன் வெளியேறும் உரிமை வருகிறது. ஆனால் பல்கலைக்கழக விடுதிகளுக்கும், அரசு ஏற்ற நடத்தை விதிகளுக்கு உட்பட்ட தனியார் மாணவர் விடுதிகளுக்கும் இது பொருந்தாது. விடுதியில் சேருகிறவர்கள் எத்தனை வாரத்துக்கு ஒப்பந்தம், இடையில் விலகினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மோசடி விளம்பரங்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் என்னுடன் படித்த தோழி ஒருத்தி, நகரின் நடுவில், ஒளிமிக்க ஒரு ஸ்டூடியோ குடியிருப்பை இணையத்தில் கண்டாள். உரிமையாளர் என்று எழுதியவர், தாம் வேறு நாட்டில் பணியில் இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும், பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் மிகவும் மரியாதையாக எழுதினார். தம் கடவுச்சீட்டின் படத்தையும் இணைத்திருந்தார்; அது வேறு யாரிடமிருந்தோ திருடப்பட்ட படம். சாவி வரவில்லை. பெற்றோர் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அது என்பதால், நடந்ததை வீட்டுக்குச் சொல்லவே அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. நேரிலோ, நம்பகமான ஒருவர் மூலமோ வீட்டைப் பார்க்காமல் தனியாருக்குப் பணம் அனுப்பக் கூடாது என்பதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலுக்கும் இடம் தருவதில்லை. விடுதி கிடைக்கவில்லை என்றால், முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்குத் தற்காலிக இடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி நடந்து நடந்து பார்த்து வீடு தேடுவதே பாதுகாப்பான வழி. ஜெர்மனியில் இதற்கு நல்ல மரபு ஒன்று உண்டு. வேறு ஊருக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர், சாமான்களோடு தம் அறையைச் சில மாதங்களுக்கு மட்டும் உள்வாடகைக்கு விடுவார்; அதற்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்பதைமட்டும் உறுதி செய்துகொண்டால் போதும்.

அந்த நாட்டில் வீட்டோடு இணைந்த இன்னொரு கடமையும் இருக்கிறது. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிச் சான்று கட்டாயம். குடியிருப்பு அனுமதி உட்படப் பல காரியங்கள் அந்தப் பதிவையே நம்பியிருக்கின்றன. "அறை தருகிறேன், ஆனால் பதிவு செய்ய முடியாது" என்று சொல்லும் விளம்பரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்போர் முகவரி மாறினால் பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் வீடு மாறும் பரபரப்பில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

யாரோடு தங்குவது என்பது சட்டம் தீர்த்துவைக்காத கேள்வி. நம் மொழி பேசுகிறவர்களோடு சேர்ந்து தங்கினால் முதல் மாதத்தின் திகைப்பு பாதியாகக் குறையும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மூன்று பேருக்கான வீட்டில் ஏழு பேர், கூடத்தில் மெத்தை விரித்து, ஒப்பந்தத்தில் பெயரே இல்லாமல் தங்குவது சேமிப்பு ஆகாது. பெயர் இல்லாதவருக்கு முகவரிச் சான்று இல்லை, முன்பணத்தின்மேல் உரிமை இல்லை, வெளியேற்றப்பட்டால் கேட்க ஆளில்லை. இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ பகிர்ந்து தங்கும் வீட்டுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். அத்தகைய வீட்டில் ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2018 முதல் அளவே வகுத்திருக்கிறார்கள். தீ விபத்து நேர்ந்தால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த உரிமத்தின் நோக்கங்களில் ஒன்று. கூடத்தில் படுத்துறங்கும் பிள்ளை, வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் காட்டினால், பெற்றோருக்கு இது தெரிய வழியே இல்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுதோறும் தாங்கள் வெளியிடும் அயல்நாட்டுக் கல்வி வழிகாட்டியில், பல்கலைக்கழகங்களின் கட்டணமும் விண்ணப்பத் தேதியும் இடம்பெறும் அதே அட்டவணையில், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விடுதி விண்ணப்பம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், முதலாண்டுக்கு அறை உறுதி உண்டா இல்லையா என்ற விவரங்களையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்க்க வேண்டும். அந்த விவரங்களை விடுதி அலுவலகங்கள் தம் வலைத்தளங்களிலேயே வெளியிடுகின்றன. தொகுப்பதற்கு என்னாலான உதவியைச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவர்களில் பலருக்கு விடுதி விண்ணப்பத்தின் கடைசி நாள் கோடையிலேயே வந்துவிடும் என்பதால், இவ்வாண்டு வழிகாட்டியை வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே வெளியிட முடிந்தால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி